பாகூர்க்காரரின் பஸ்ஸைப் பிரித்த நாட்கள்

அந்த பஸ்ஸை மாடு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குக்குப் பின்னால், கடற்காற்று நேராக வந்து அடிக்கிற இடத்தில், அது வருஷக்கணக்காக நின்றிருந்தது. பாகூரிலிருந்து ஒரு விவசாயி அதை வாங்கி, தன் வண்டி மாடுகளையே பூட்டி, உப்பளத்தில் இருந்த எங்கள் வண்டி ரிப்பேர் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தெருவே வேடிக்கை பார்த்ததாம். நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"மாடு கட்டி பஸ் வந்துது இன்னைக்கி" என்றார்.

நான் மோர் ஊற்றினேன். அவர் அவ்வளவு நீளமாக ஒன்றைச் சொல்லியே பல வாரங்கள் ஆகியிருந்தன.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் எங்கள் மகள் போய்விட்டாள். நாலு வயது. காய்ச்சல் என்று படுத்தாள், தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளைக்கார டாக்டர் முசியே வந்து பார்த்துவிட்டு எங்களை வெளியே இருக்கச் சொன்னார். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் பெருமழை. கல்லறையில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வெட்டியவர்கள் சட்டியால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் விளிம்பு உடைந்த சட்டி.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று நினைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். நெல்லித்தோப்பில் எங்கள் தெருப் பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து, "அழுதுடு பொண்ணே, உள்ளயே வெச்சிருந்தா ஒடம்புக்கு ஆவாது" என்று முதுகைத் தடவினார்கள். அவர்கள் கை படுவது தெரிந்தது. வேறு யாருடைய முதுகையோ தடவுவதுபோல் இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பூசைக்குப் போனேன். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து அடுப்பு மூட்டினேன். ஜெபமாலை சொல்லும்போது எத்தனை மணி உருட்டினேன் என்பது மறந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அண்ணி இளம் வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தார். என் மகளை வளர்த்ததில் பாதி அவர். அவர் அழுத அழுகையில் தொண்டை கட்டிக்கொண்டு, பிறகு வெகுநாள் அவர் குரல் பழையபடி ஆகவே இல்லை. நான் அழாததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் கார் ஓட்டியாக இருந்து, அந்தக் காரோடு மல்லுக்கட்டியே ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டவர். பிறகு சொந்தமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். கூட ஒரு கூட்டாளி இருந்தார். அவர் அந்த வருஷம் சைகோனுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். அதனால் கொட்டகையில் இவர் ஒற்றை ஆள்.

பஸ் வந்து சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற அண்ணிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் எடுத்துக்கொண்டு போனேன். மகள் போனபிறகு வீட்டை விட்டு கோயிலுக்குத் தவிர வேறெங்கும் அதுவரை நான் போகவில்லை. வெயில் சுள்ளென்று இருந்தது. வாய்க்கால் ஓரமாகவே நடந்து போனேன்.

பஸ் கொட்டகைக்குள் பாதி, வெளியே பாதி என்று நின்றது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். தகரமெல்லாம் புண்ணாகிப் பொருக்கு எழும்பி, தொட்டால் உதிர்ந்தது. அவர் அடியில் மல்லாந்து கிடந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"சாப்பாடு" என்றேன்.

"நீயா வந்த?" அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு, "மேல ஏறி வா. உள்ள தரைப் பலகை எடுத்திருக்குது பாரு, பாத்து கால வெய்யி. அந்த போல்ட்டுத் தலைய ஸ்பேனர் போட்டு அசையாம புடி. நான் இங்க திருப்புனா அது மேல சேந்து சுத்துது. ஒத்த ஆளு ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

ஏறினேன். பஸ்ஸின் மர உடம்பை அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு பெரிய பெரிய போல்ட்டுகளால் முடுக்கியிருந்தார்கள். தலை மேலே, நட்டு கீழே. அந்த உடம்பை முழுசாகத் தூக்கி எடுத்தால்தான் சட்டத்தில் விரிசல் விட்ட இடத்தைச் சரிசெய்ய முடியும். தூக்க வேண்டுமானால் எல்லா நட்டும் கழன்றாக வேண்டும். ஒன்றும் கழலவில்லை. துரு அவற்றை ஒரே இரும்பாக ஆக்கிவிட்டிருந்தது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, ஸ்பேனரைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

கீழே அவர் திருப்பியபோது அந்த விசை இரும்பு வழியாக ஏறி என் மணிக்கட்டை முறுக்கியது. விடாமல் பிடித்தேன். அது நகரவில்லை. அவர் ஒரு சின்னச் சுத்தியலால் நட்டைச் சுற்றித் தட்டினார். பிறகு இன்னொரு முறை. மறுபடி தட்டல். ஒரு கட்டத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. என் கைக்குள் ஏதோ சட்டென்று தளர்ந்தது.

"எறங்கி வந்துடுச்சி" என்றார்.

அவர் சாப்பிடும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, "இன்னொண்ணு புடிச்சிட்டுப் போறியா?" என்று கேட்டார். பிடித்தேன். ஆலைச் சங்கு ஊதும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுக்க எதையும் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே போதுமாக இருந்தது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

அந்த வேலைக்கு அவசரம் ஆகாது. சாயங்காலம் கம்பிப் புருசால் துருவைச் சுரண்டி, திருகு மரை தெரிகிற இடத்தில் மண்ணெண்ணெய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ராத்திரி முழுக்க அது ஊறும். காலையில் மறுபடி சொட்டு விட்டு, சுற்றிலும் தட்டுவார். நேரே கழற்றப் போகமாட்டார். முதலில் இறுக்குகிற பக்கமாகத்தான் ஒரு மயிரிழை திருப்புவார். அது அசைந்தால்தான் இந்தப் பக்கம் வரும். வந்தாலும் ஒரேயடியாகக் கழற்றமாட்டார். கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. ஒரு நட்டுக்கே அரை நாள் போன நாளும் உண்டு. சில போல்ட்டுகள் முறுக்குத் தாங்காமல் முறிந்துபோகும். சிலவற்றை உளி வைத்துப் பிளந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

அவர் கீழே, நான் மேலே. நடுவில் பலகை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வீட்டில் பேசாத நாங்கள் அங்கே பேசினோம், அதைப் பேச்சு என்று சொல்லலாம் என்றால். "புடி." "புடிச்சிட்டேன்." "வுடு." "வுட்டுட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் சேர்ந்து நடந்து வருவோம். வாய்க்கால் ஓரத்தில் அவர் முன்னால், நான் பின்னால். அப்போது அந்தப் பேச்சும் இருக்காது.

பாகூர்க்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். வயல் வேலை செய்து காய்ந்த மனிதர். அந்த ஊரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் விடவேண்டும் என்பது அவருக்கு ஒரு பித்து. வரும்போதெல்லாம் கத்தரிக்காயோ வெண்டைக்காயோ துணியில் முடிந்து கொண்டுவருவார். நான் வேலை செய்வதை முதல் தடவை பார்த்தபோது திகைத்துப் போய், "என்னா மேஸ்திரி, வீட்டம்மாவா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் இவர், அடியிலிருந்தே.

"நல்லதுதான், நல்லதுதான்." அவர் பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, சன்னல் பக்கமாக வந்து என்னைப் பார்த்து, "கொழந்தைங்க எத்தினிம்மா?" என்று கேட்டார்.

எல்லாரும் கேட்கிற கேள்விதான். கீழே தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

"இல்லீங்க" என்றேன்.

"ஆண்டவன் குடுப்பாம்மா. இன்னும் வயசா ஆயிடுச்சி?" என்று சொல்லிவிட்டு, வெண்டைக்காயைப் படிமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். சுத்தியல் சத்தம் திரும்பத் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். நானும் நின்றேன்.

"இல்லன்னு சொல்லிட்ட."

"என்னா சொல்லணும்?"

யோசித்தார். "தெரியல" என்றார். பிறகு நடந்தோம்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ என் வீட்டுக்காரரே மகளைப் பற்றிப் பாகூர்க்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த முறை வந்தபோது அந்த மனிதர் காய்கறி எதுவும் கொண்டுவரவில்லை. பஸ்ஸைச் சுற்றி நடக்கவும் இல்லை. ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது என் பக்கம் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்பேனரோடு கையைக் கூப்பினேன்.

வேலை முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. பின்பக்கத்து நட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. முன்பக்கத்தில், என்ஜினை ஒட்டினாற்போல் இருந்த ஒரு மூலைப் போல்ட்டு மட்டும் வழிக்கு வரவில்லை. மண்ணெண்ணெய் ஊறப்போட்டுப் பார்த்தார். தட்டினார். ஸ்பேனரின் கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டித் தொங்கினார். நட்டின் மூலைகள்தான் மழுங்கின. உளி வைக்க அங்கே இடமில்லை, ரம்பம் போகாது.

"சூடு காட்டித்தான் பாக்கணும்" என்றார். ஊதுவிளக்கை எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, நீலமாக எரியவிட்டார். "சூட்டுல மெழுகு வெச்சா உருகி மரைக்குள்ள எறங்கும். எண்ணெ போவாத எடத்துக்கும் அது போவும். ஒரு மெழுவத்தி இருந்தா தேவலாம்."

"வீட்டுல இருக்கு. எடுத்தாறேன்."

நெல்லித்தோப்புக்கு நடந்து போனேன். அண்ணி மாவு இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து இடித்தார். மாதா படத்துக்குக் கீழே மாடத்தில் கையை விட்டேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மெழுகுத்திரி. தடிமனானது, பாதிக்கு மேல் எரிந்து நின்றது, கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது. மகளைக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் எரிந்தது அது. அது எனக்குத் தெரியும். மறந்து எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன், ஆனால் அந்தத் தெரிதல் எங்கேயோ தள்ளி நின்றது. மெழுகு வேண்டும் என்றார், இது மெழுகு. அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அவரிடம் நீட்டினேன். வாங்கியவர் உடனே கண்டுகொண்டார்.

"இது..."

"ஆமா."

"வேற இல்லியா?"

"இதுதான் இருந்துது."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்த மெழுகை விரலால் தடவினார். வேண்டாம், கடையில் போய் ஒன்று வாங்கி வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் தடுத்திருக்கமாட்டேன். அவர் சொல்லவில்லை. என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நான் சூடு காட்டறேன். சொல்லும்போது நீ வெய்யி" என்றார்.

அன்றுதான் நான் பஸ்ஸுக்கு அடியில் போனேன். புடவையைக் கெண்டைக்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சாக்கின் மேல் படுத்து நகர்ந்தேன். எண்ணெயும் துருவும் சேர்ந்த வாடை. அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கன்னமெல்லாம் ஒட்டி, தாடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று நான் கவனித்திருக்கவில்லை.

நட்டு கறுத்து, பிறகு மங்கலாகச் சிவந்தது. விளக்கை விலக்கினார். சிவப்பு வடியும்வரை பொறுத்து, "இப்ப" என்றார். மெழுகுத்திரியை மரையில் வைத்தேன். சுர்ரென்று புகைந்து உருகி உள்ளே போயிற்று. கோயில் வாசனை வந்தது. மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறி அந்த பஸ்ஸுக்கடியில் பூசை முடிந்த கோயில் மாதிரி வாசனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. மெழுகு உருகி உருகி என் கையில் ஒரு விரற்கடைதான் மிஞ்சியது.

"மேல போயி புடி" என்றார்.

ஏறிப் போனேன். அவசரத்தில் ஸ்பேனர் சரியாக உட்காரவில்லை. உட்காரவைக்க இடது கையால் போல்ட்டுத் தலையை அமுக்கிப் பிடித்தேன்.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

குழாயை மாட்டி அவர் இழுத்தார். பஸ் முழுவதும் அதிர்ந்தது. அது திரும்பியது. கால் வட்டம் திரும்பியிருக்கும். பிறகு, காய்ந்த குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். போல்ட்டு முறிந்துபோய்விட்டது.

அவர் "வுடு" என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. பலகைக்கு அடியில் சத்தமே இல்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் அவர் இருமுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர், கல்லறையில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர், பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வாய்விட்டு அழுதார். தேங்காய்த்திட்டுப் பக்கம் போகிற மீன்காரப் பெண்கள் இருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனார்கள்.

நான் இறங்கிப் போய் அவரைத் தொட்டிருக்க வேண்டும். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது நான் போல்ட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் விடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே எண்ணம். அவர் அழுகை அடங்கி, மூக்கைச் சிந்தி, அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னா பண்ற? கைய எடு! கைய எடு மொதல்ல!"

அப்போதுதான் கையைப் பார்த்தேன். அடியில் காட்டிய சூடு போல்ட்டு வழியாக மேலே ஏறியிருந்தது. உள்ளங்கையும் இரண்டு விரல்களும் வெந்து வெளுத்திருந்தன. தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. கருகின வாடை எனக்கு முன்பே வந்திருந்தது. மெழுகின் வாடை என்று நினைத்திருந்தேன்.

அவர் என்னைத் தூக்காத குறையாக இறக்கி, தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கலியா ஒனக்கு?"

"இல்ல."

"எப்பிடி வலிக்காம இருக்கும்?"

"தெரியலீங்க. வலிக்கல."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பயந்துபோயிருந்தார். "பாப்பா போனதிலேர்ந்தேவா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் என் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்க விடவில்லை.

ராத்திரி வலி வந்தது. நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தேன். சாதாரணத் தீக்காய வலி. கண்ணில் தண்ணீர் வந்தது. அது கைக்காக வந்த தண்ணீர். அண்ணி எழுந்து வந்து விளக்கைத் தூக்கிப் பார்த்து, சுண்ணாம்புத் தெளிவில் தேங்காயெண்ணெய் குழைத்துக் கொண்டுவந்து போட்டார். போட்டுக்கொண்டே, "மாடத்துல இருந்த மெழுவத்தி எங்க?" என்று கேட்டார்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன் அண்ணி. பஸ்ஸுக்கு."

எண்ணெய் தொட்ட விரல் நின்றது. "பஸ்ஸுக்கா?"

இவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "நான்தான் கேட்டேன் அக்கா" என்றார்.

"நீங்க அதக் கேக்கல. மெழுவத்தின்னுதான் கேட்டீங்க. அத எடுத்தது நான்."

அண்ணி கோபப்படுவார் என்று காத்திருந்தேன். புருஷன்கூட சேர்ந்து தெருவறிய பஸ்ஸுக்குள் ஸ்பேனர் பிடிக்கிறாள் என்று கோயில் வாசலில் நாலு பேர் பேசிக்கொள்வது அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அதற்காகவே ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை ஓசையோடு வைத்திருந்தார். இப்போது அவர் கோபப்படவில்லை. "மீதி இருக்குதா?" என்றுதான் கேட்டார். முந்தானையில் முடிந்திருந்த அந்த விரற்கடைத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, மறுபடி என் கைக்கு எண்ணெய் போட்டார். கட்டிப்போன குரலில், "மொரட்டுக் கழுத. இப்பிடியா கைய வேவ வெப்ப" என்று திட்டிக்கொண்டே போட்டார்.

போல்ட்டு முறிந்தது நல்லதாகவே போயிற்று. மேல்பாதியைத் தட்டி எடுத்து, கீழே மிஞ்சியதை உளியால் அடித்து இறக்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பஸ்ஸின் உடம்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சட்டத்தின் விரிசலுக்குக் கொல்லன் பட்டறையில் இரும்புப் பட்டை அடித்து வாங்கிவந்து போட்டார். நான் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து, புதுப் போல்ட்டுகளின் மரையில் கிரீஸ் தடவிக் கொடுத்தேன். அடுத்த தடவை கழற்றுகிறவனுக்குக் கஷ்டமில்லாமல் இருக்கட்டும் என்று இவர் ஒவ்வொன்றுக்கும் தடவச் சொன்னார்.

பொங்கல் கழிந்து பஸ் கிளம்பியது. பாகூர்க்காரர் அதற்கு மஞ்சள் வர்ணம் அடித்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் இருவரையும் ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டார். அரியாங்குப்பத்துப் பாலம் தாண்டிப் போனோம். இருபுறமும் கதிர் முற்றிய வயல். சனங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக, யாரோ ஒருத்தி கோழியைக்கூட ஏற்றியிருந்தாள். நான் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போனேன். சந்தோஷம் என்றோ துக்கம் என்றோ சொல்லுமளவுக்கு எனக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் காற்று முகத்தில் அடித்தது. அது என் முகத்தில்தான் அடித்தது.

பாகூர்க்காரரின் வீட்டம்மா வாசலுக்கு வந்து கூட்டிப் போனார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. இலை போட்டு, நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று பரிமாறினார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் இன்னொரு கரண்டி வைத்தபோது, "வளத்தியா இருப்பாளா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை.

"இல்லீங்க. குட்டையாத்தான் இருப்பா" என்றேன். "அவங்க அப்பா மாதிரி."

என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையை எடுத்தார். "கொரலு மட்டும் பெருசு" என்றார். "கொட்டாயில நின்னு கூப்புட்டா துறைமுகத்துல கேக்கும்."

"அப்பிடியா?" என்று அந்த அம்மா ரசத்தை எடுக்க உள்ளே போனார். நாங்கள் சாப்பிட்டோம். அதற்கு மேல் பேச்சு அவர்கள் வீட்டுக் கறவை மாட்டைப் பற்றிப் போய்விட்டது.

எனக்கு எப்போது சரியாயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாளில் ஆகவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் கல்லறைத் திருநாளுக்குப் பூவோடு போய் நின்று, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. பிறகு எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான், அதன்பின் இன்னொருவன். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான் அலறிய அலறலை அண்ணிதான் அடக்க வேண்டியிருந்தது. ஆகவே எங்கேயோ அது திரும்பியிருக்கிறது. திரும்பிய இடம் எனக்கு நினைவில்லை.

பாகூரிலிருந்து திரும்பிய மறுநாள் கொட்டகைக்கு ஒரு பழைய கார் வந்திருந்தது. அதுவும் கடலோரத்தில் நின்ற வண்டிதான். மத்தியானம் சாப்பாடு கட்டும்போது நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்காமல், தூக்குப் பாத்திரத்தின் அடித்தட்டில் சோற்றை அமுக்கி அமுக்கிப் போட்டார்.

"ரெண்டு பேருக்கும் போட்டிருக்கேன்" என்றார். "பழந்துணி ஒண்ணு சுத்திக்க. நல்ல பொடவயோட போயி அடியில படுக்காத."